கடவுச்சொல் தவறாம்

“பயனர்பெயரோ கடவுச்சொல்லோ தவறானது, மீண்டும் முயல்க.” கடந்த ஓராண்டாக நாங்கள் ஐவரும் மாறிமாறி வாசித்துவரும் வாசகம் இது. இத்தனை சுருக்கமான, இத்தனை முழுமையான பொய்யொன்றை அண்மைக்காலத்தில் வேறெங்கும் நாங்கள் வாசித்ததில்லை. பயனர்பெயர் தவறன்று: எங்கள் சிற்றிதழின் பின்னட்டையில், படைப்புகள் அனுப்ப வேண்டிய முகவரியாக, 2005 முதல் இதழ் நின்றுபோகும்வரை அச்சான பெயர் அது. கடவுச்சொல்லும் தவறன்று: சந்தாப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் நண்பர் தம் கைப்படப் பச்சை மையில் எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்து வைத்திருக்கிறார். கைபேசியின் அஞ்சல் செயலியில் அதை இட்டால் தவறு என்கிறது. அதே பெயரையும் அதே சொல்லையும் அதே நிறுவனத்தின் இணையப்பக்கத்தில் இட்டால் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டு, அடுத்த கதவுக்கு அனுப்பிவைக்கிறது. அந்த அடுத்த கதவைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

நண்பர் 2020-இல் மறைந்தார். மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்தவர், மொழிபெயர்த்ததில் பாதியைக்கூட அச்சுக்குத் தராதவர். இதழுக்கென்று நாங்கள் தொடங்கிய அஞ்சற்பெட்டி அவர் பெயரில், அவர் கைபேசி எண்ணைக் கொண்டு பதிவானது. காலப்போக்கில் இதழின் பெட்டி எது, அவருடைய சொந்தப் பெட்டி எது என்ற வேறுபாடு மறைந்துவிட்டது. மூல ஆசிரியர்களுடன் ஒரு சொல்லுக்காக நான்கு மடல் விவாதித்தவை, எங்களுக்குள் நடந்த சண்டைகள், சமாதானங்கள், அச்சேறாத மூன்று நாவல்களின் வரைவுகள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. அவர் போன பிறகும் அவர் வீட்டுக் கணினியில் பெட்டி திறந்தபடியே இருந்தது. ஊர்ப்பக்கம் செல்லும்போதெல்லாம் அவருடைய துணைவியார் காப்பி போட, நாங்கள் உட்கார்ந்து பழைய மடல்களைப் படித்துவிட்டு வருவோம். சென்ற ஆண்டு ஆவணியில் அந்தக் கணினி உயிரை விட்டது. அன்றிலிருந்து நாங்கள் வெளியே நிற்கிறோம்.

இதில் இலக்கியத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற நூலாக நம் கைக்கு வந்தன. கு. அழகிரிசாமி கி. ராஜநாராயணனுக்கு எழுதியவை வந்தன. ரசிகமணி டி.கே.சி.யின் கடிதங்கள் வந்தன. இவை வந்ததற்குக் காரணம் எளிது: கடிதத்தைப் பெற்றவர் அதை ஒரு பெட்டியில் போட்டுவைத்தார், அந்தப் பெட்டியைத் திறக்கப் பெட்டிக்காரரின் மகனோ நண்பரோ எவரிடமும் மனுப்போட வேண்டியிருக்கவில்லை. கரையான் மட்டுமே பகை. 1990-களின் கடைசியிலிருந்து தமிழ் எழுத்தாளர்கள் தமக்குள் எழுதிக்கொண்டவற்றில் பெரும்பகுதி காகிதத்தில் இல்லை. பிரிட்டிஷ் நூலகம் 2011-இல் கவிஞர் வெண்டி கோப்பின் ஆவணங்களை விலைகொடுத்து வாங்கியபோது அதில் ஏறத்தாழ 40,000 மின்னஞ்சல்களும் சேர்த்தி. அவர் உயிரோடிருந்தார், தாமே தந்தார், ஆகவே தர முடிந்தது. நம்மவர் ஒருவருடைய 40,000 மடல்களைக் கேட்டு எந்த நூலகமும் வரப்போவதில்லை என்பது வேறு துக்கம். வந்தாலும் திறந்துகொடுக்க நம்மால் இயலாது என்பதே இங்குள்ள துக்கம்.

நுழைவுப் பிழை என்றதும் கணினி அறிந்த நண்பர்கள் சொல்லும் முதலுதவிகள் சில உண்டு. அவை பயனற்றவை அல்ல. பெரிய எழுத்துப் பொத்தான் அழுந்திக் கிடக்கிறதா என்று பார், தட்டச்சுப் பலகை தமிழ்99-இலோ அஞ்சலிலோ நின்றுவிட்டதா என்று பார் (நம்மில் பாதிப்பேரின் ‘தவறான கடவுச்சொல்’ இதுதான், எழுத்துகளைக் கறுப்புப் புள்ளிகளாக மறைத்துக் காட்டுவதால், தமிழில் தட்டியிருக்கிறோம் என்பதே தெரியாமல் மூன்று முறை தட்டி, நான்காம் முறை கணக்கு பூட்டப்பட்டு நிற்கிறோம்). உலாவி தானாக நிரப்புவது பழைய கடவுச்சொல்லாக இருக்கலாம். அழித்துவிட்டுக் கையால் இடு. கணினியின் தேதியைப் பார். உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்த பழைய கணினிகள் பத்தாண்டு பின்னோக்கிப் போய் நின்றுகொண்டு, பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று அலறும். இவை அத்தனையும் பார்த்தாயிற்று. இவை நம் பக்கத்துப் பிழைகள், ஒப்புக்கொள்கிறோம். ஒரு நாளைக் கொடுத்தால் சரிசெய்துவிடலாம்.

எங்கள் கோபம் அவற்றின்மீது அல்ல. தவறே செய்யாதவரிடம் தவறு என்று சொல்லும் நிறுவன மொழியின்மீது. கூகுள் நிறுவனம் 2022 மே 30 முதல், பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொண்டு தனிநபர் கணக்குகளுக்குள் நுழையும் பழைய அஞ்சல் மென்பொருள்களை அனுமதிப்பதில்லை என்று முடிவுசெய்தது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் தனிநபர் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16-இல் அதையே செய்தது. காரணம் நியாயமானதுதான்; திருடுபோன கடவுச்சொற்கள் சந்தையில் மலிந்துவிட்டன. ஆனால் யூடோராவிலோ அவுட்லுக் எக்ஸ்பிரஸிலோ கால்நூற்றாண்டாக அஞ்சல் பார்த்துவந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்குத் திரையில் என்ன தெரிந்தது? ‘உங்கள் மென்பொருளை இனி நாங்கள் ஏற்பதில்லை’ என்றா? இல்லை. கடவுச்சொல்லை மறுபடி கேட்கும் சிறு சதுரம் ஒன்று. அவர் இடுகிறார், மறுபடி கேட்கிறது. தம் நினைவுதான் பிசகிவிட்டது என்று நம்பத் தொடங்குகிறார். இருக்கிற நல்ல கடவுச்சொல்லை மாற்றுகிறார், மாற்றியதும் மறந்துபோகிறது. இப்போது உண்மையிலேயே வெளியே நிற்கிறார். எழுபது வயதுக்காரரின் நினைவாற்றல்மீது அவருக்கே ஐயம் வரச்செய்வது சின்னக் குற்றம் அல்ல. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, செயலிக்கெனத் தனிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கிக்கொண்டால் கூகுள் கணக்குகளில் பல பழைய மென்பொருள்கள் மறுபடி வேலைசெய்யும். இந்த ஒற்றை வரியை அந்தச் சதுரத்திலேயே எழுதியிருக்கலாம்.

பெயர், கடவுச்சொல் இரண்டில் எது தவறென்று குறிப்பாகச் சொல்லாததற்குக் காரணம் உண்டு என்பார்கள். சொன்னால், இந்தப் பெயரில் கணக்கு இருக்கிறது என்று திருடனுக்கு உறுதியாகிவிடுமாம். ஏற்கிறோம். ‘இரண்டும் சரி, ஆனாலும் விடமாட்டோம்’ என்பதைத் ‘தவறு’ என்று எழுதுவதற்கு அந்தக் காரணம் செல்லாது.

இனி, இந்தக் கதவு யாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்று பார்ப்போம். கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து வேண்டும், ஒரு சிறிய எழுத்து வேண்டும், ஓர் எண், ஒரு குறி வேண்டும் என்ற சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி அதற்கு மூலம். அதை எழுதிய பில் பர், 2017-இல் ஒரு நேர்காணலில், தாம் சொன்னதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு நிஸ்ட் தன் புதிய வழிகாட்டியில் இத்தகைய கலவைக் கட்டாயங்களையும், காரணமின்றி அவ்வப்போது மாற்றச்சொல்வதையும் கைவிடச் சொன்னது. நீளமே வலிமை என்றது. யூனிகோட் எழுத்துகளையும் ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுதியவரே வருந்திய பிறகும் நம் அலுவலகங்களும் வங்கிகளும் அஞ்சல் நிறுவனங்கள் சிலவும் அந்தப் பழைய சட்டத்தையே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

தமிழில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இல்லை. 247 எழுத்து இருந்தும் அவற்றில் ஒன்றுகூடக் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லுக்குள் நுழைய முடியாது. ஆஸ்கி எழுத்துகள் மட்டுமே அங்கு செல்லும். குறுந்தொகையையும் திருவாசகத்தையும் வரிவரியாக நெஞ்சில் சுமக்கும் ஒருவர், எவனும் ஊகிக்க முடியாத நீண்ட கடவுச்சொற்களின் கருவூலத்தையே தம்முள் வைத்திருக்கிறார். அவரிடம் போய் உரோமன் எழுத்தில், நடுவில் ஒரு வியப்புக்குறியோடு, வாயில் நுழையாத ஒன்றைக் கற்பித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ‘கொ’ என்ற எழுத்திலுள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரு குறியீடுகளின் சேர்க்கையாகவும் எழுதலாம், ஆகவே ஒப்பிடுகையில் குழப்பம் வரும் என்று பொறியாளர்கள் விளக்கம் தருவதுண்டு. இரண்டையும் ஒருவடிவமாக்கிவிட்டு ஒப்பிடும் முறை யூனிகோட் தரத்திலேயே இருக்கிறது. 2017-இன் வழிகாட்டியும் அதைச் செய்யச் சொல்கிறது. தீர்ந்த சிக்கலைத் தீராததாகக் காட்டுவது சோம்பலுக்கு இட்ட நாகரிகப் பெயர்.

அடுத்து, மறந்தவருக்கென்று வைத்த ரகசியக் கேள்வி. எங்கள் நண்பரின் பெட்டி கேட்கிறது: உங்கள் தாயாரின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர் என்ன? நண்பரின் தாயார் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அவருக்குத் திருமணத்துக்கு முன்பும் பின்பும் ஒரே பெயர்தான். மாறியது தலைப்பெழுத்து மட்டும். இல்லாத குடும்பப்பெயரை நண்பர் 2005-இல் என்னவென்று எழுதியிருப்பார்? தாத்தாவின் பெயரையா, ஊர்ப்பெயரையா, அல்லது எரிச்சலில் தாயின் பெயரையேவா? எதுவாயினும், எந்த எழுத்துக்கூட்டலில்? லட்சுமி என்பதை உரோமன் எழுத்தில் எழுத எங்களுக்குத் தெரிந்தே ஏழு வழி இருக்கிறது. மலேசியாவில் எட்டாவது இருக்கிறது. சுப்பையா, சண்முகம், வள்ளியம்மாள் எதற்கும் ஒற்றை எழுத்துக்கூட்டல் கிடையாது. பதில் சரியாக இருந்தும் எழுத்துக்கூட்டலால் தோற்றுப்போகும் தேர்வு இது. ஐந்து முறை தோற்றால் இருபத்துநான்கு மணி நேரத் தண்டனை. நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, முயன்றவற்றை எழுதிவைத்து, நாளொன்றுக்கு நான்கு வீதம் முயன்றுவருகிறோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது திருடர்கள் செய்யும் வேலைபோலவே இருக்கும் என்பதையும் அறிவோம்.

இப்போது அந்த இரண்டாவது கதவு. “இக்கருவியை நாங்கள் அறியோம், 47 என முடியும் எண்ணுக்குக் குறியெண் அனுப்பியிருக்கிறோம்.” நண்பர் போன பிறகு அந்தச் சிம்முக்குக் காசு போட எவருக்கும் தோன்றவில்லை. தொண்ணூறு நாள் பேச்சும் மூச்சும் இல்லாத முன்பண எண்ணை நிறுவனம் முடக்கலாம் என்பது இந்நாட்டின் விதி. முடக்கியபின், சிலகாலம் பொறுத்து, வேறொருவருக்குக் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டார்கள். எண்களுக்குத் தட்டுப்பாடு உள்ள நாட்டில் அது தவறென்று சொல்லமாட்டோம். மாறிக்கொண்டே இருக்கும் எண்ணை ஒரு மனிதனின் நிரந்தர அடையாளமாக வைத்த அறிவைத்தான் சொல்கிறோம். 1990-களில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய் மூன்று நாடு மாறியவரிடமும், துபாய் வேலை முடிந்து திரும்பியவரிடமும், மகன் வாங்கித்தந்த கைபேசியைத் தொலைத்த அம்மையாரிடமும் கேட்டுப் பாருங்கள், எத்தனை எண் மாறினோம் என்று. எண் மாறாதவர், இடம் பெயராதவர், கருவி தொலைக்காதவர், குடும்பப்பெயர் உடையவர், சாகாதவர். அவருக்காகச் செய்த கதவு இது.

அந்த எண்ணை நாங்கள் அழைத்தோம். திருப்பூரில் சரக்கு வண்டி ஓட்டும் ஓர் இளைஞர் எடுத்தார். எண் தமக்குக் கிடைத்து மூன்றாண்டு ஆகிறது என்றார். நாங்கள் கதையை முழுதும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். இந்த எண்ணுக்கு அவ்வப்போது குறியெண்கள் வருவதாகவும், எதற்கென்று தெரியாமல் அழித்துவிடுவதாகவும் சொன்னார். அடுத்தமுறை வருவதைப் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டபோது சற்று நேரம் பேச்சில்லை.

“தப்பா நெனச்சுக்காதீங்ணா. அந்த ஓடிபியெ ஆருகிட்டயும் சொல்லாதீங்கன்னு பேங்குல இருந்து தெனமும் மெசேஜ் வருதுங்க. நீங்க நல்லவங்களாவே இருக்கலாமுங்க. நான் எப்படிங் தெரிஞ்சுக்கறது?”

அவர் சொன்னது முழுக்கச் சரி. நாங்கள் வற்புறுத்தவில்லை. ஆனால் நிலைமையைப் பாருங்கள். எங்கள் நண்பரை ஒருமுறைகூடக் கண்டிராத, மொழிபெயர்ப்பு என்றால் என்னவென்று அக்கறை கொள்ள வேண்டிய அவசியமில்லாத ஒருவரின் சட்டைப்பையில் அவருடைய பதினைந்தாண்டு மடல்களின் சாவி கிடக்கிறது. அவர் மனச்சாட்சி உள்ளவராக அமைந்தது நம் அதிர்ஷ்டம். பாதுகாப்பு என்ற பெயரில் உருவான ஏற்பாடு இறுதியில் வந்து நிற்பது ஓர் ஓட்டுநரின் நேர்மையில். இந்த ஓராண்டு அலைச்சலில், எங்கள் பேச்சைக் கேட்டு, யோசித்து, காரணம் சொல்லி மறுத்த ஒரே மனிதரும் அவர்தான். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதியவற்றுக்கெல்லாம் வந்த பதில் ஒன்றே: உதவிப் பக்கத்தின் இணைப்பு. அந்தப் பக்கத்தின் கடைசி வரி, இரண்டாவது கதவுக்கே திரும்பிப் போகச் சொல்கிறது.

அரசு அஞ்சல்துறையை நாம் எவ்வளவோ பழித்திருக்கிறோம். 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தில் 38-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. உரியவரிடம் சேர்க்க முடியாத கடிதத்தை, அதற்கென நியமிக்கப்பட்ட, ரகசியம் காக்கக் கடமைப்பட்ட ஓர் அலுவலர் பிரித்துப் பார்த்து, அனுப்பியவரின் பெயரையும் முகவரியையும் கண்டறிய வேண்டும் என்று அது சொல்லிற்று. திரும்பிய கடித அலுவலகங்களில் அந்த மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கிழிந்த உறை, மழையில் கரைந்த மை, ‘வேப்பமரத்து வீடு’ என்று மட்டும் எழுதிய விலாசம் எல்லாம் அவர்கள் மேசைக்குத்தான் போயின. அந்நிய ஆட்சியின் அஞ்சலைக் கனவுலகமாக்குவது எம் நோக்கமன்று. அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவு அரசுக்குக் கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரத்தையும் தந்தது. 2024 ஜூனில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து 1898-இன் சட்டம் விடைபெற்றுவிட்டது. இருந்தும் அந்தப் பிரிவிலிருந்த எண்ணம் முக்கியமானது. கடிதம் வழிதவறினால் அது எவருடையது என்று கண்டுபிடிப்பது அஞ்சலகத்தின் வேலை. கடிதக்காரனின் குற்றம் அன்று. அதற்கொரு மனிதன் வேண்டும். அந்த மனிதன் வாயைக் கட்டிவைக்க ஒரு சட்டம் வேண்டும். எங்கள் அஞ்சல் நிறுவனத்திடம் ஓராண்டாக நாங்கள் தேடியது அந்த ஒரு மேசையை மட்டுமே.

மனிதனை உட்காரவைத்தால் அவனை ஏமாற்றிவிடுவார்கள் என்று சொல்வார்கள். உண்மைதான். இயந்திரத்தை ஏமாற்றவில்லையா? 2008 செப்டம்பரில் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாகூ பெட்டிக்குள் ஒரு கல்லூரி மாணவன் புகுந்தான். பிறந்த நாள், அஞ்சல் குறியீட்டெண், கணவரை எங்கே சந்தித்தார் என்ற கேள்வியின் பதில் ஆகியவையே போதுமானவையாக இருந்தன. எல்லாம் ஊரறிந்த செய்திகள். ஊரறிந்தவருக்குத் திறந்துகொள்ளும் கேள்வி, ஊரறியாத எங்கள் நண்பருக்குத் திறக்க மறுக்கிறது. 2013-இல் யாகூவின் அத்தனை கணக்குகளின் விவரங்களும் திருடுபோயின. 300 கோடி என்று நான்காண்டு கழித்து 2017-இல் ஒப்புக்கொண்டார்கள். உள்ளிருக்கும் பொருளுக்கு இந்தக் காவல்; வெளியில் நிற்கும் உரியவனுக்கு அந்தக் கெடுபிடி.

மேசை இல்லாத உலகில் என்ன நடக்கிறது என்பதற்கு இரண்டு மனிதர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். 2016 ஜூனில் அமெரிக்க எழுத்தாளர் டென்னிஸ் கூப்பரின் ஜிமெயில் கணக்கையும் பதினான்கு ஆண்டுப் பதிவுகளையும் கூகுள் ஒரே நாளில் முடக்கியது, காரணம் சொல்லவில்லை. அவர் பெயர்பெற்ற நாவலாசிரியர். பத்திரிகைகள் எழுதின, வழக்கறிஞர்கள் பேசினர், ஆகஸ்டு கடைசியில் தரவு திரும்பி வந்தது. 2021-இல் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த தந்தை ஒருவர், நோயுற்ற தம் குழந்தையின் படங்களை மருத்துவருக்கென எடுத்தார்; இயந்திரம் அவற்றைக் குற்றமெனக் கண்டு கணக்கை மூடியது. காவல்துறை விசாரித்து, குற்றமேதும் இல்லை என்றது. நியூயார்க் டைம்ஸ் 2022-இல் இதை விரிவாக எழுதியது. அப்போதும் கணக்கு திரும்பவில்லை; அவருடைய பத்தாண்டுக்கும் மேலான மடல்கள், படங்கள், கைபேசி எண்கூடப் போயின. காவல்துறையின் விசாரணை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு முறையிட்டும் கதவு திறக்காத ஊரில், சந்தாப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தை வைத்துக்கொண்டு நாங்கள் நிற்கிறோம்.

இறந்தவரின் மடல் யாருக்கு என்பது புதிய வழக்கும் அன்று. 2004 நவம்பரில் ஈராக்கின் ஃபலூஜாவில் இறந்த இருபது வயது அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் பெற்றோர், மகனின் யாகூ மடல்களைக் கேட்டார்கள். தனியுரிமை என்று நிறுவனம் மறுத்தது. 2005 ஏப்ரலில் மிச்சிகன் மாநில நீதிமன்றம் ஒன்று கொடுக்கச் சொல்லி ஆணையிட்டது, கொடுத்தார்கள். இருபதாண்டு முன்பே இது ஆகக்கூடிய காரியம் என்று தெரிந்துவிட்டது. நீதிமன்ற வாசல்வரை போகத் தெம்புள்ளவர்க்கு மட்டும் ஆகும் என்பதாக அது நின்றுவிட்டது. இங்கும் 2023-இன் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் மறைவுக்குப்பின் தரவுரிமைகளைப் பேண இன்னொருவரை நியமித்துக்கொள்ளலாம் என்கிறது. 2020-இல் இறந்தவர் அதை எப்படிச் செய்வார் என்று சட்டத்தைக் கேட்க முடியாது.

நம்மவர்களைச் சும்மா விடுவதாகவும் இல்லை. “அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, பையன் பார்த்துக்குவான்” என்று மேடையில் பெருமையோடு சொல்லும் எழுத்தாளர்கள் எத்தனை பேர்! கடவுச்சொல் பற்றிப் பேசுவது கணக்குப்பிள்ளை வேலை, நாம் சொல்லின் ஆழத்தில் முத்தெடுப்பவர்கள் என்ற பாவனை. அந்தப் பையன் ஆஸ்திரேலியா போய்விட்டான். அவன் எண்ணும் மாறிவிட்டது. முத்தெடுத்தவருக்குத் தம் சொந்தக் கடிதத்தை எடுக்க வழியில்லை. எங்களையும் இதில் சேர்த்தே சொல்கிறோம். நான்காண்டுகள் அந்தக் கணினியின் முன் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்டர்பேர்டு போன்ற ஒரு மென்பொருளை நிறுவி முழுப்பெட்டியையும் ஒரு வட்டில் இறக்கிக்கொள்ள ஓரிரவு போதும். ஐவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், இறந்தவரின் மடல்களைப் பிரதியெடுப்பது முறையா என்று விவாதித்தே அந்த இரவைக் கழித்திருப்போம்.

கூகுள் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்றே ‘செயலற்ற கணக்கு நிர்வாகி’ என்ற பக்கத்துக்குப் போய், தமக்குப் பின் எவருக்கு எது போக வேண்டும் என்று எழுதிவையுங்கள். 2013 முதல் இருக்கும் வசதி, நாங்கள் கேட்டவரையில் நூற்றுக்கு ஒருவர்கூட அறியாதது. மாற்று அஞ்சல் முகவரியாகப் பழைய அலுவலக முகவரியைக் கொடுத்திருந்தால் மாற்றுங்கள். அவசரக் குறியெண்களை அச்சிட்டுப் பட்டயங்கள் இருக்கும் அதே பெட்டியில் வையுங்கள். 2023 மே மாதம் கூகுள் அறிவித்த விதிப்படி இரண்டாண்டு எவரும் நுழையாத தனிநபர் கணக்குகள் அழிக்கப்படலாம். அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து அழிக்கவும் தொடங்கினார்கள். இறந்தவர்கள் இரண்டாண்டில் திரும்பி வருவதில்லை.

எங்கள் பெட்டியை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும், நீண்டநாள் நுழையாத கணக்கை நீக்கும் உரிமை தனக்குண்டு என்ற வரி நிபந்தனைகளில் இருக்கிறது. எத்தனை நாள் என்று அங்கே எழுதவில்லை. கதவைத் தட்டிக்கொண்டே இருப்பவனை ‘நுழையாதவன்’ என்று கணக்கிடுவார்களா என்று கேட்டு எழுதினோம். உதவிப் பக்கத்தின் இணைப்பு வந்தது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், துணைவியாரின் கையொப்பமிட்ட விண்ணப்பம், இதழின் பின்னட்டைகள் எல்லாவற்றையும் படியெடுத்து வைத்திருக்கிறோம். வாங்கிப் பார்க்க எந்த ஊரில் எந்த மேசை இருக்கிறது என்று சொன்னால் போதும், ரயிலேறத் தயார். வாங்கிப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் காத்திருக்கச் சொல்லி, எவரேனும் மறுப்பு எழுப்புகிறார்களா என்று பார்த்து, பிறகு நிராகரித்தாலும் அதை ஒரு பதில் என்று ஏற்போம். அதுவரையில் ‘தவறு’ என்ற சொல்லை எங்கள் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

நோட்டுப் புத்தகத்தில் இதுவரை 212 எழுத்துக்கூட்டல்கள் ஆகியிருக்கின்றன. நண்பரின் தாய்வழிப் பாட்டனார் பெயரில் இரட்டை ‘ட’ உண்டா என்று துணைவியாரிடம் கேட்டிருக்கிறோம். பழைய பத்திரம் ஒன்றைப் பார்த்துச் சொல்வதாகக் கூறினார். சென்ற ஞாயிறு இரவு திருப்பூரிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: “அண்ணா இன்னைக்கும் கோடு வந்துச்சுங்க. நீங்க தானுங்களா, வேற யாராச்சுமா?” அன்று எங்களில் எவரும் முயலவில்லை.